மனித இயல்பு நல்லதா, தீயதா: கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு விவாதத்தின் வரலாறு

மனிதன் பிறவியிலேயே நல்லவனா, தீயவனா என்பது அறவியலின் மிகப் பழைய வழக்குகளுள் ஒன்று. ஏடுகளில் அது தத்துவ விவாதமாக நடந்தது. மலேசியாவின் கோலாலம்பூரிலும் அதைச் சூழ்ந்த கிள்ளான் பள்ளத்தாக்கிலும் அதே வழக்கு நிர்வாகக் கேள்வியாக உருமாறியது. எந்தக் கூட்டத்தாரை எந்த வேலைக்கு வைப்பது, யாருக்கு எவ்வளவு கூலி கொடுத்தால் போதும், யாரை அடக்கி வைக்க வேண்டும், யாரைத் திருத்த முடியும் என்பவற்றுக்கெல்லாம் 'அவர்களின் இயல்பு இது' என்ற ஒரு விடையை ஆள்வோர் தயாராக வைத்திருந்தனர். அந்த விடைக்கு எதிராகத் தொழிலாளரும் சீர்திருத்தக்காரரும் அறிஞரும் எழுப்பிய மறுப்புகளே இப்பகுதியில் இவ்விவாதத்தின் வரலாறு. ஒன்றரை நூற்றாண்டுக்கு நெருங்கிய இவ்வரலாற்றைக் கோவையாகப் பார்த்தால் ஒரு முடிவு தெளிகிறது. இங்கே ஒரு மக்களின் இயல்பு என்று எழுதிவைக்கப்பட்டவற்றில் பெரும்பகுதி, அவர்கள் வாழவைக்கப்பட்ட ஏற்பாட்டின் விளைவு. மனிதருக்குள் நன்மைக்கும் தீமைக்கும் இடம் உண்டு. எது மேலோங்கும் என்பதைக் கூலியும் சட்டமும் குடியிருப்பும் அக்கம்பக்கமும் பெருமளவு தீர்மானிக்கின்றன.

சமய மரபுகள் தந்த விடைகள்

செங்கல் சூளைகளால் பெயர் பெற்ற கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ், ரயில்வே வளர்ந்தபோது தமிழகத் தமிழரும் யாழ்ப்பாணத் தமிழரும் சிங்களவரும் சீனரும் கலந்து வாழும் குடியிருப்பாயிற்று. அவரவர் கட்டிய வழிபாட்டிடங்கள் இக்கேள்விக்கு வெவ்வேறு விடைகளைக் கொண்டுவந்தன. சிங்களப் பௌத்தர் 1894இல் அமைத்த மகா விகாரையில், 1952இல் இலங்கையிலிருந்து வந்த கே. ஸ்ரீ தம்மானந்த தேரர் அரை நூற்றாண்டுக்கு மேல் தலைமைத் துறவியாக இருந்தார். ஆசை, வெறுப்பு, மயக்கம் என்னும் மூன்று வேர்களே தீமைக்குக் காரணம். பயிற்சியால் அவற்றை அறுக்கலாம் என்பது அவர் எளிய மொழியில் பரப்பிய பௌத்தக் கொள்கை. அதற்குச் சற்றுத் தொலைவில், யாழ்ப்பாணத் தமிழர் முயற்சியால் 1904இல் எழுந்தது விவேகானந்தா ஆசிரமம். மனிதரைப் பாவி என்று அழைப்பதையே தவறு என 1893இல் சிகாகோவில் பேசியவரின் பெயரைத் தாங்கிய இடம் அது. அதே வட்டாரத்து லூத்தரன் தேவாலயத்தில் கூடிய தமிழ்க் கிறிஸ்தவர்களோ, தரங்கம்பாடி வழியாக வந்த மரபில், மனிதகுலம் ஆதிப் பாவத்தில் வீழ்ந்தது, அருளின்றி அதற்கு மீட்சியில்லை என்று கற்றவர்கள். ஒவ்வொரு குழந்தையும் தூய இயல்போடு பிறக்கிறது என்பது தமிழ் முஸ்லிம்களும் மலாய்க்காரரும் பகிரும் இஸ்லாமியக் கோட்பாடு. கோலாலம்பூர்ச் சீனர் 1906இல் கன்பூசியஸ் பெயரில் பள்ளி தொடங்கியபோது, மனிதர் பிறப்பால் நல்லவர் என்ற மென்சியஸின் கொள்கையும் அதை மறுத்த சுன்சியின் கொள்கையும் அவர்கள் மரபில் இரண்டாயிரம் ஆண்டுப் பழமை கொண்டிருந்தன.

சைவ சித்தாந்தத்தின் விடை இவற்றுள் தனித்து நிற்கிறது. யாழ்ப்பாணத் தமிழர் பிரிக்பீல்ட்ஸில் கட்டிய கந்தசாமி கோயில் அந்த மரபைச் சேர்ந்தது. 13ஆம் நூற்றாண்டின் மெய்கண்டாரும் அவர் வழிவந்தோரும் உயிரை நல்லதென்றோ தீயதென்றோ வகுக்கவில்லை. உயிரை ஆணவ மலம் தொடக்கமற்ற காலம் முதல் மறைத்து நிற்கிறது. ஆனால் ஆணவம் உயிரின் சொந்தக் குணம் அன்று. எதைச் சார்கிறதோ அதன் தன்மையைப் பெறுவதே உயிரின் இயல்பு. அருகில் உள்ள பொருளின் நிறத்தைப் பளிங்கு காட்டுவதுபோல. திருக்குறளிலும் இதே இரு முனைகள் உண்டு. கயமை அதிகாரம் மனித உருவில் திரியும் கீழ்மையை ஈவிரக்கமின்றிச் சாடுகிறது. சிற்றினம் சேராமை அதிகாரமோ ஒருவரின் அறிவு அவர் சேர்ந்த கூட்டத்தால் அமைகிறது என்கிறது. இத்தனை மரபுகளும் நோயை வெவ்வேறாகச் சொன்னாலும் மருந்தில் ஒன்றுபடுவது கவனிக்கத்தக்கது. மனிதன் நல்லவன் என்ற மென்சியஸும் கல்வி வேண்டும் என்றார். தீயவன் என்ற சுன்சியும் சடங்கும் கல்வியும் வேண்டும் என்றார். பிறந்த இயல்போடு மனிதனை அப்படியே விட்டுவிடலாம் என்று எந்த மரபும் சொல்லவில்லை. சொன்னவர்கள் ஆட்சியாளர்கள்.

காலனிய ஆட்சியும் இன இயல்புக் கொள்கையும்

1882இல், கோலாலம்பூரை உள்ளடக்கிய சிலாங்கூர் மாநிலத்தின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாகப் பொறுப்பேற்ற பிராங்க் சுவெட்டன்ஹாம் பின்னாளில் எழுதிய நூல்களில், வேலையில் விருப்பமின்மையை மலாய்க்காரரின் முதன்மைக் குணமாகச் சித்திரித்தார். அவர் தலைமுறை அதிகாரிகளும் தோட்ட முதலாளிகளும் மூன்று முத்திரைகளை வைத்திருந்தனர்: மலாய்க்காரர் சோம்பேறி, சீனர் உழைப்பாளி, ஆனால் நம்பத்தகாதவர், தமிழர் பணிவானவர், ஏவினால் செய்பவர். இந்த முத்திரைகள் வெறும் பேச்சாக நிற்கவில்லை. ஈயச் சுரங்கத்துக்கு யார், ரப்பர்த் தோட்டத்துக்கு யார், நெல்வயலோடு யார் நிற்க வேண்டும் என்ற பகிர்வையும், ஒரே வேலைக்கு இரு இனத்தாருக்கு இரு கூலி என்ற வழக்கத்தையும் அவை நியாயப்படுத்தின. தமிழரின் 'பணிவு' எப்படி உண்டாயிற்று என்று பார்த்தால் முத்திரையின் அடி வெளிப்படும். 1910 வரை ஒப்பந்தக் கூலி முறை இருந்தது. ஒப்பந்தத்தை முறித்து ஓடியவருக்குச் சிறை. அதன்பின் 1938இல் இந்திய அரசு தடுக்கும் வரை கங்காணி முறை. கங்காணி தன் ஊராரையும் உறவினரையுமே அழைத்துவந்தார். அவர்கள் வேலைக்கு வந்த ஒவ்வொரு நாளுக்கும் அவருக்குத் தலைக்காசு கிடைத்தது. விடியுமுன் பெரட்டு என்னும் ஆள்கணக்கு அணிவகுப்பில் பெயர் கூப்பிடுபவர் தோட்ட நிர்வாகத்தின் ஆள். குடியிருக்கும் லயம் தோட்டத்துக்குச் சொந்தம். கடையும் மருந்தகமும் கள்ளுக்கடையும் தோட்டத்துக்குள். வேலை போனால் அன்றே வீடும் போகும். இப்படி அடைக்கப்பட்டவர் எதிர்த்துப் பேசாததைக் கண்டு, பேசாமை அவர் பிறவிக் குணம் என்று எழுதிவைத்தனர்.

இந்த முத்திரைகளின் அடித்தளத்தை முறையாக ஆராய்ந்தவர் சமூகவியலாளர் சையது ஹுசைன் அலாத்தாஸ். பின்னாளில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரான அவர், 'சோம்பேறிப் பூர்வகுடி' என்ற கட்டுக்கதையைப் பற்றி 1977இல் வெளியிட்ட நூல் இன்று உலகப் புகழ் பெற்றது. மலாய்க்காரரையும் சாவகரையும் பிலிப்பினோக்களையும் பற்றி 16ஆம் நூற்றாண்டு முதல் ஐரோப்பியர் எழுதியவற்றைத் தொகுத்து அவர் காட்டிய உண்மை எளியது. மலாய் விவசாயி தன் வயலில் உழைத்தார், கடலில் மீன்பிடித்தார், காட்டைத் திருத்தினார். காலனிய முதலாளியின் சுரங்கத்திலும் தோட்டத்திலும் அந்த முதலாளி விதித்த நிபந்தனைக்கு உழைக்க மட்டும் மறுத்தார். அந்த மறுப்பே சோம்பல் ஆயிற்று. நிலம் கையில் இருந்ததால் மறுக்க முடிந்தவர் சோம்பேறி. கடல் கடந்து வந்து நிலமற்று நின்றதால் மறுக்க முடியாதவர் பணிவானவர். இரு முத்திரைகளும் ஒரே அளவுகோலில் பிறந்தவை. அளந்தது மனித இயல்பை அன்று, முதலாளிக்குக் கிடைத்த வசதியை.

கிள்ளான் வேலைநிறுத்தம், 1941

முத்திரை உடைந்த இடம் கிள்ளான். 1936இல் உருவான மலாயா இந்திய மத்திய சங்கம் தோட்டத் தொழிலாளர் நிலையைப் பொதுவெளிக்குக் கொண்டுவந்திருந்தது. அதற்கு முன்பே, 1929ஆம் ஆண்டு இறுதியில் தொடங்கிய பெரியாரின் மலாயாப் பயணமும், அதன் பின் கோ. சாரங்கபாணி போன்றோர் முன்னெடுத்த சீர்திருத்த இயக்கமும், தொழிலாளியின் இழிநிலைக்குக் காரணம் பிறப்பு அன்று, பழக்கமும் அமைப்புமே என்ற எண்ணத்தைத் தமிழரிடையே ஊன்றியிருந்தன. 'தமிழ் நேசன்' நாளிதழின் துணையாசிரியராகப் பணிபுரிந்த ஆர். எச். நாதன் கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் வழியே தொழிலாளரைத் திரட்டினார். 1941இன் தொடக்க மாதங்களில் கிள்ளானைச் சுற்றிய தோட்டங்களில் வேலைநிறுத்தம் பரவியது. தொழிலாளர் முன்வைத்த கோரிக்கைகளைப் படித்தால் அவர்கள் எதை இழந்திருந்தனர் என்பது விளங்கும். சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி, பிள்ளைகளுக்குச் சரியான பள்ளி, முறையான மருத்துவம், கள்ளுக்கடைகளை மூடுதல், 10 முதல் 12 மணி நேர வேலைக்கு முடிவு, கொடுமை செய்யும் கிராணிகளை (தோட்ட எழுத்தர்களை) மாற்றுதல், பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்துதல், உறவினர் தோட்டத்துக்குள் வந்துபோகும் உரிமை, பேச்சுரிமை, சங்கம் வைக்கும் உரிமை, குறை சொன்னவரைப் பழிவாங்காமை ஆகியவற்றோடு இன்னொன்றும் இருந்தது: துரையோ கிராணியோ எதிரே வந்தால் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும்.

அந்த மிதிவண்டிக் கோரிக்கை இவ்விவாதத்தில் தனி இடம் பெறுகிறது. கூலி உயர்ந்தால் வயிறு நிறையும். மிதிவண்டியிலிருந்து இறங்காதிருந்தால் ஒரு காசும் மிச்சமாகாது. அப்படியும் அது பட்டியலில் ஏறியதென்றால், இறங்கி நின்ற ஒவ்வொரு நாளும் அந்தத் தொழிலாளி அதை இழிவாகவே உணர்ந்திருக்கிறார். பணிவு அவர் இயல்பாக இருந்திருந்தால் அந்த வரி எழுதப்பட்டிருக்காது. அரசின் எதிர்வினையும் கொள்கையின் வலுவின்மையைக் காட்டியது. தமிழர் இயல்பிலேயே பணிவானவர் என்று நம்பிய அதிகாரிகளுக்கு, ஆயிரக்கணக்கானோர் வேலையை நிறுத்தியதை அந்த நம்பிக்கையால் விளக்க முடியவில்லை. ஆகவே வெளியாள் ஒருவர் கெடுத்துவிட்டார் என்று முடிவு கட்டினர். மே மாதத் தொடக்கத்தில் நாதன் கைது செய்யப்பட்டு, பின்னர் இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார். அவர் கைதானதும் கலகம் அடங்கவில்லை. சிலாங்கூரின் மற்ற வட்டாரங்களுக்கும் பரவியது. மே 16இல் சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது, படை இறங்கியது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர். தூண்டிவிட்டவர் சிறையிலிருக்க, தூண்டப்பட்டவர் முன்னிலும் உறுதியாக நின்றது தூண்டல் கொள்கையையும் பொய்யாக்கியது.

போரும் அவசரகாலமும்

ஏழே மாதத்தில் ஜப்பானியப் படையெடுப்பு வந்தது. அடுத்த நான்காண்டுகள் மனிதர் மனிதருக்கு எதையெல்லாம் செய்யக்கூடும் என்பதற்குச் சான்றாயின. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் சயாம் – பர்மா ரயில்பாதை வேலைக்கு ஆசைகாட்டியும் வலுக்கட்டாயமாகவும் கொண்டுசெல்லப்பட்டனர். காலராவிலும் பசியிலும் அடியிலும் மாண்டவர் ஏராளம். மலேசியத் தமிழ் நாவல்களில் ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' இப்பெருந்துயரைப் பதிவு செய்தது. அதே ஆண்டுகளில், 1943இல், சுபாஷ் சந்திர போஸின் அழைப்பை ஏற்று தோட்டத்து ஆண்களும் பெண்களும் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தனர். கோலாலம்பூரைச் சேர்ந்த ஜானகி, பின்னாளில் ஜானகி ஆதி நாகப்பன் என அறியப்பட்டவர், பதின்ம வயதிலேயே அதன் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையில் அதிகாரியானார். பத்தாண்டுக்கு முன் ஏவினால் செய்பவர் என்று எழுதப்பட்ட சமூகத்தின் பெண்கள் துப்பாக்கி ஏந்தி அணிவகுத்தனர். தலைமுறை மாறுவதற்குள் இரத்தம் மாறாது. மாறியது அவர்களுக்குக் கிடைத்த வாய்ப்பும் அவர்களை அழைத்த குரலும்.

தீமைக்கு இனம் ஏதும் இல்லை என்பதைப் பத்தாங்காலி காட்டியது. 1948 டிசம்பரில், கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒடுக்க அறிவிக்கப்பட்ட அவசரகாலத்தின் முதல் ஆண்டில், கோலாலம்பூருக்கு வடக்கே உள்ள அவ்வூரை ஒட்டிய தோட்டம் ஒன்றில் பிரிட்டனின் ஸ்காட்ஸ் காவற்படையினர் ஆயுதமற்ற 24 சீனத் தொழிலாளரைச் சுட்டுக்கொன்றனர். கொன்றவர்கள் கொடியவர்களாகப் பொறுக்கியெடுக்கப்பட்டவர்கள் அல்லர். அந்நியக் காட்டில், எதிரி யார் பொதுமகன் யார் என்று பிரித்தறியப் பழகாமல், சந்தேகிப்பதையே கடமையாகக் கற்ற சாதாரணச் சிப்பாய்கள். தப்பி ஓட முயன்றபோது சுடப்பட்டனர் என்று அதிகாரப்பூர்வ விளக்கம் தரப்பட்டது. 1970இல் அப்படையின் முன்னாள் வீரர் சிலர் அது பொய் என உறுதிமொழிப் பத்திரத்தில் ஒப்புக்கொண்டனர். உத்தரவுக்குக் கீழ்ப்படியும் சாதாரண மனிதர் எவ்வளவு தூரம் போவார் என்று அமெரிக்க உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் 1960களில் ஆய்வுக்கூடத்தில் எழுப்பிய கேள்விக்கு, பத்தாங்காலி ஆய்வுக்கூடத்துக்கு வெளியே முன்னரே விடை சொல்லியிருந்தது. இருபதாண்டு கழித்தும் சிலரின் மனச்சாட்சி ஓயாமல் இருந்ததும் அதே விடையின் மறுபாதி.

1969க்குப் பின்

சுதந்திர மலாயா இன முத்திரைகளைத் துடைத்தெறியவில்லை. 1969 மே 13இல் கோலாலம்பூரில் வெடித்த இனக்கலவரத்தில் அதிகாரப்பூர்வக் கணக்குப்படி 196 பேர் இறந்தனர். அடுத்த ஆண்டு மகாதீர் முகமது எழுதி வெளியிட்ட 'மலாய்க்காரரின் இக்கட்டு' நூல், ஒரு சமூகம் பின்தங்கியதற்குச் சுற்றுச்சூழலோடு பரம்பரையையும் காரணமாக்கியது. 1981இல் அவர் பிரதமராகும் வரை மலேசியாவில் அது தடைசெய்யப்பட்டிருந்தது. ஆளுங்கட்சியின் இளைஞர் பிரிவு 1971இல் வெளியிட்ட 'மனப் புரட்சி' என்ற தொகுப்பும் மலாய்க்காரரின் குறைகளைப் பட்டியலிட்டது. காலனிய முத்திரையை ஆளப்பட்டவர்களே தம் கையால் தம்மேல் குத்திக்கொள்கின்றனர் என்று அலாத்தாஸ் தம் நூலில் இவ்விரண்டையும் கண்டித்தார். நிறுவன அளவில் நாடு வேறொரு வழியைப் பிடித்தது. 1970 ஆகஸ்ட் 31இல் அறிவிக்கப்பட்ட ருக்குன் நெகாரா ஐந்து கோட்பாடுகளை வகுத்து, கடைசிக் கோட்பாடாக நன்னடத்தையையும் ஒழுக்கத்தையும் வைத்தது. 1983 முதல் தொடக்கப்பள்ளிகளில் முஸ்லிம் மாணவர் இஸ்லாமியக் கல்வியும் மற்றவர் நன்னெறிக் கல்வியும் படிக்கின்றனர். ஒழுக்கத்தைக் கற்பிக்க முடியும் என்று ஓர் அரசு பாடத்திட்டம் வகுப்பதே, இயல்பு பிறப்போடு முடிந்துவிடுவதில்லை என்று அது ஏற்றுக்கொண்டதற்கு அடையாளம். தேர்வுக்கு மனப்பாடம் செய்யும் பாடமாக நன்னெறி சுருங்கிவிட்டது என்ற குறை தமிழ்ப் பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் நெடுநாளாக உண்டு. அக்குறை முறையைப் பற்றியது, நோக்கத்தைப் பற்றியது அன்று.

தோட்டங்களின் மறைவும் குண்டர் கும்பல்களும்

பள்ளத்தாக்கின் இன்றைய நகரங்கள் பல நேற்றைய தோட்டங்கள். பெட்டாலிங் ஜெயா 1950களில் எபிங்ஹாம் தோட்டத்தில் எழுந்தது. சுபாங் ஜெயா சீபீல்ட் தோட்டத்தில். 1990களில் புத்ராஜெயா பிராங் பெசார் தோட்டத்தில். நிலம் நகரமானபோது, அதில் மூன்று தலைமுறை பால்மரம் வெட்டியவர்களுக்கு வேலையும் லயமும் ஒருசேரப் போயின. கோயிலும் பள்ளியும் ஆயாக்கொட்டகையும் கால்பந்துத் திடலும் சேர்ந்த ஒரு வாழ்க்கை கலைந்து, புறம்போக்குக் குடிசைகளிலும் மலிவு விலை அடுக்குமாடிகளிலும் சிதறியது. 2001 மார்ச்சில் பெட்டாலிங் ஜெயாவை ஒட்டிய கம்போங் மேடானில், நெருக்கியடித்து வாழ்ந்த ஏழை மலாய்க்காரருக்கும் ஏழை இந்தியருக்கும் இடையே மூண்ட மோதலில் ஆறு பேர் மாண்டனர். அதைப் பற்றி கா. ஆறுமுகம் எழுதிய 'மார்ச் 8' என்ற தமிழ் நூலை அரசு தடைசெய்தது. 2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. அவற்றின் உறுப்பினராகக் கணக்கிடப்பட்ட 40,313 பேரில் 28,926 பேர் இந்தியர். நாட்டு மக்கள்தொகையிலோ இந்தியர் ஏறத்தாழ 7 விழுக்காடு. இந்தியர் இயல்பிலேயே வன்முறையாளர் என்ற பேச்சு அந்த ஒரு கணக்கை வைத்துக்கொண்டு காப்பிக்கடை வரை பரவியது.

அதே கணக்கை நிதானமாகப் படித்தால் அது எதிர்முடிவையே தருகிறது. 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மலேசிய இந்தியர் சுமார் 19 லட்சம். 28,926 பேர் என்பது அவர்களில் நூற்றுக்கு இருவர்கூட இல்லை. மீதமுள்ள தொண்ணூற்றெட்டுப் பேரைவிட்டு இருவரைக் கொண்டு ஒரு சமூகத்தின் இயல்பை வகுப்பது கணக்கறிவுக்கே ஒவ்வாது. இதனினும் வலுவான சான்று காலவரிசையில் இருக்கிறது. 1930களின் அதிகாரிகள் இதே மக்களை அளவுக்கு மீறிப் பணிவானவர் என்றனர். 2010களில் இவர்களின் பேரப்பிள்ளைகளை அளவுக்கு மீறி முரடர் என்கின்றனர். இரண்டும் பிறவிக் குணமாக இருக்க முடியாது. இடையில் மாறியது தோட்டம் என்ற ஏற்பாடு. ஆள் அசைய முடியாத அடைப்பு பணிவை உண்டாக்கிற்று. அடைப்பு உடைந்து அதற்கு மாற்றாக எதுவும் வராதபோது, வேலையும் பாதுகாப்பும் 'நம்ம ஆளு' என்ற மதிப்பும் தருவதாகச் சொன்ன கும்பல் சில இளைஞரை இழுத்தது. சார்ந்ததன் வண்ணமாதல் என்று சித்தாந்திகள் உயிரைப் பற்றிச் சொன்னது ஒரு சமூகத்தின் மூன்று தலைமுறை வரலாற்றில் கண்கூடாகிறது.

நன்மைக்கான சான்றுகள்

ஏற்பாடு கெட்டால் மனிதர் கெடுவர் என்பது பாதி உண்மையே. ஏற்பாடு நன்றானால் நன்மை வெளிப்படுகிறது என்பதற்கும் பள்ளத்தாக்கில் சான்றுகள் உண்டு. தோட்டங்களைத் துண்டாடி விற்ற காலத்தில், 1960இல், அன்று அமைச்சராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். நாட்கூலி வாங்கும் தொழிலாளர் மாதம் பத்து வெள்ளி கட்டி நூறு வெள்ளிப் பங்கு சேர்ப்பது. சேர்ந்த பணத்தில் தோட்டத்தையே வாங்குவது. கள்ளுக்கடையில் கூலியைத் தொலைப்பவர் என்று இகழப்பட்டவர்கள், கண்ணால் காணாத உறுப்பினரை நம்பிப் பணம் கட்டினர். அடுத்த ஆண்டே சங்கம் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கியது. பிரிக்பீல்ட்ஸின் முதன்மைச் சாலைக்கு இன்று சம்பந்தன் பெயர். அச்சாலைக்கு அருகே, சுவாமி சாந்தானந்த சரஸ்வதி 1981இல் நிறுவிய டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் கலைக்கோயிலில் அன்னலட்சுமி உணவகம் இருக்கிறது. வேண்டியதை உண்டு, மனம் விரும்பியதைத் தரலாம் என்பது அதன் தொடக்கக் கொள்கை. பரிமாறுவோரில் பலர் தொண்டர்கள். மனிதர் தன்னலம் மட்டுமே கொண்டவர் எனில், கணக்குப் பார்ப்பவர் இல்லாத இடத்தில் யாரும் தர மாட்டார்கள். அப்படிப்பட்ட உணவகம் ஒரு மாதம் தாங்காது. அது தலைமுறை தாண்டி நிற்கிறது.

2021ஆம் ஆண்டு இரு சோதனைகளை வைத்தது. கோவிட் முடக்கத்தில் வருமானம் இழந்தோர் வீட்டு வாசலில் வெள்ளைக் கொடி கட்டினால் உணவு தருவோம் என்ற இயக்கம் ஜூலையில் பரவியது. அரசு ஏற்பாடு வருமுன் அண்டை வீட்டாரும் அறியாதவரும் இனம் பாராமல் அரிசியும் முட்டையும் கொண்டுவந்தனர். டிசம்பர் 18இல் கிள்ளானை ஒட்டிய ஷா ஆலாமின் தாமான் ஸ்ரீ மூடா வெள்ளத்தில் மூழ்கியது. மீட்புப் படை வரத் தாமதமானபோது சொந்தப் படகோடும் ரப்பர்த் தோணியோடும் பொதுமக்கள் இறங்கினர். பெட்டாலிங் ஜெயா குருத்துவாராவில் தொண்டர்கள் ஆயிரக்கணக்கான உணவுப் பொட்டலங்களைச் சமைத்து அனுப்பினர். வெள்ளத்தில் மூழ்கிய அதே குடியிருப்பில் பேரங்காடி ஒன்று சூறையாடப்பட்டது; சிலர் கைதாயினர். ஒரே வெள்ளம், ஒரே ஊர், ஒரே வாரம். மனிதர் நல்லவர் என்பாரும் தீயவர் என்பாரும் தத்தம் கட்சிக்கு அங்கே சாட்சி தேடிக்கொள்ளலாம். இரண்டையும் சேர்த்துப் பார்ப்பவருக்கே முழு வழக்கு விளங்கும்.

மறுப்புகளும் விடைகளும்

இம்முடிவுக்கு மூன்று மறுப்புகள் சொல்லப்படுகின்றன. முதலாவது, ஒரே லயத்தில், ஒரே வறுமையில் வளர்ந்த அண்ணன் ஆசிரியராகவும் தம்பி குண்டராகவும் ஆவதை ஏற்பாடு எப்படி விளக்கும் என்பது. ஏற்பாடு ஒருவரைப் பிடித்துத் தள்ளுவதில்லை. வழிகளின் எண்ணிக்கையைக் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது. வழி குறைந்த இடத்திலும் நல்வழி தேர்வோர் இருப்பது தனிமனிதத் தேர்வுக்கு இடம் உண்டு என்பதைக் காட்டுகிறது. ஒரு கூட்டத்தாரில் தவறுவோரின் தொகை ஏன் ஏறியது என்ற கேள்விக்கு அது விடையாகாது. இரண்டாவது மறுப்பு அறம் சார்ந்தது: சூழலே காரணமென்றால் குற்றவாளிக்குப் பொறுப்பே இல்லையா? காரணத்தை அறிவது வேறு, குற்றத்தை மன்னிப்பது வேறு. பத்தாங்காலிச் சிப்பாய்களின் சூழலை விளக்கலாம். அதனால் 24 கொலைகள் கொலையல்லாமல் போகா. பொறுப்பை முற்றாக அழிப்பது உண்மையில் பிறவிக் குணக் கொள்கையே. பிறப்பிலேயே தீயவனாக்கப்பட்டவன் வேறெப்படி நடந்திருக்க முடியும்?

மூன்றாவது மறுப்பு அறிவியலின் பெயரால் வருவது. மனித இயல்பு வெற்றுப் பலகை அன்று, பிறக்கும்போதே அதில் சில எழுதப்பட்டுள்ளன என்கின்றனர். இதில் உண்மை உண்டு. மென்சியஸ் கேட்ட கேள்வியை இன்றைய உளவியலாளர் கைக்குழந்தைகளிடமே கேட்டனர். உதவும் பொம்மையையே குழந்தைகள் பெரிதும் விரும்பின என்று 2007இல் ஓர் அமெரிக்க ஆய்வு அறிவித்தது. பல நாட்டு ஆய்வகங்கள் சேர்ந்து ஆயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகளிடம் அதைத் திரும்பச் செய்து 2024இல் வெளியிட்ட முடிவில் அத்தகைய விருப்பம் தென்படவில்லை. அச்சம், பரிவு, பொறாமை, தன் கூட்டத்தாரை நாடுதல் ஆகியவை எல்லா மனிதருக்கும் பொதுவான சரக்கு என்பதை மறுப்பார் இல்லை. அந்தச் சரக்கு எல்லா இனத்தாருக்கும் பொதுவாக இருப்பதே, ஓர் இனத்துக்குத் தனி இயல்பு உண்டு என்ற பள்ளத்தாக்கின் பழைய நம்பிக்கைக்கு எதிரான வாதம். பொதுச் சரக்கிலிருந்து ஓரிடத்தில் கூட்டுறவும் ஓரிடத்தில் குண்டர் கும்பலும் ஏன் விளைகின்றன என்பதற்கு அவ்விடங்களைத்தான் ஆராய வேண்டும்.

இன்றைய நிலை

இவ்விவாதம் இன்று நீதிமன்றம் வரை வந்திருக்கிறது. கட்டாய மரண தண்டனையை ஒழிக்கும் சட்டம் மலேசியாவில் 2023 ஜூலை 4 முதல் நடப்புக்கு வந்தது. அதற்கு முன், சில குற்றங்களுக்கு நீதிபதி குற்றவாளியின் வாழ்க்கையைப் பார்க்கவே சட்டம் இடம் தரவில்லை. குற்றம் மெய்ப்பிக்கப்பட்டால் தூக்கு. இப்போது அவன் யார், எச்சூழலில் செய்தான், திருந்துவானா என்ற கேள்விகளுக்கு இடம் உண்டு. தண்டனை உறுதியாகிக் காத்திருந்த நூற்றுக்கணக்கானோரின் வழக்குகள் கூட்டரசு நீதிமன்றத்தில் மறுஆய்வுக்கு வந்து, பலரின் தூக்கு நீண்டகாலச் சிறையாக மாறியது. குண்டர் கும்பல் பற்றிய பொதுப்பேச்சிலும், காவல்துறை நடவடிக்கையோடு தமிழ்ப்பள்ளி, தொழிற்பயிற்சி, வீட்டுவசதி ஆகியவையும் இடம்பெறுகின்றன. இன முத்திரைகள் முற்றாக மறைந்துவிடவில்லை. வீடு வாடகைக்கு விடுவோரின் விளம்பரங்களிலும் ஆளெடுக்கும் மேசைகளிலும் அவை இன்னும் வேலை செய்கின்றன. கிள்ளான் பள்ளத்தாக்கின் வரலாறு தரும் தீர்ப்பு இது: இங்கே ஒரு கூட்டத்தாரின் இயல்பு என்று அறிவிக்கப்பட்ட எதுவும் அந்த ஏற்பாடு மாறிய பின் நிலைத்ததில்லை. ஆகவே, ஒரு மக்களின் பிறவிக் குணம் இதுவென்று எவரேனும் சொன்னால், அவர்களின் கூலி என்ன, குடியிருப்பு யாருடையது, மறுத்துப்பேச உரிமை உண்டா என்ற மூன்றையும் முதலில் கேட்க வேண்டும்.